உறுப்பினர் ஏட்டில் ஒரு பெயர்

மாலை வேளையில் உடன்குடியிலிருந்து மணப்பாட்டுக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? பனங்காடுகளைக் கடந்து கடற்காற்று முகத்தில் படத் தொடங்கும்போதே, சிறுவர்களின் கூச்சலும் அந்தக் காற்றோடு கலந்து வரும். மணற்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலுக்குக் கீழே, விரிந்து கிடக்கும் கரை மணலில் வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு செருப்புகள் ஒரு கோல் கம்பம். காய்ந்த பனை மட்டை இன்னொன்று. உலகக் கோப்பை நடைபெறும் மாதங்களில் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் கொடி பிடித்து, ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமலிருக்கும் ஊர்கள் நம் கடற்கரை ஊர்கள்.

நல்ல ஆட்டக்காரர்களின் பெயர்களை நாம் மறப்பதில்லை. ஆனால், அந்த ஆட்டம் நடைபெறுவதற்குத் திடல் கேட்டு அலைந்தவர் யார், பந்து வாங்க வீடு வீடாகப் பணம் திரட்டியவர் யார், ஆட்டக்காரர்களின் பெயர்களை ஏட்டில் எழுதியவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை. பந்து கிடைத்தால் நான்கு பேர் விளையாடிவிடலாம். நாற்பது பேர், நானூறு பேர், ஒரு நாடு விளையாட வேண்டுமானால், பந்தைத் தொடாத கைகள் பல உழைத்தாக வேண்டும். அத்தகைய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் நினைவுகூர விரும்புகிறேன். அவர் தமிழர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். எனினும் அவர் செய்த ஒரு காரியம், குருவாகிய என்னைப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விதி எழுதியவர்கள்

கால்பந்தாட்டம் பழமையானது, ஒழுங்கமைந்த கால்பந்தாட்டமோ நம் முப்பாட்டனார் காலத்தது. 1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இலண்டன் மாநகரின் விடுதி ஒன்றில் சில சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, கால்பந்துக் கழகம் என்னும் அமைப்பை நிறுவினர். அதுவரை ஊருக்கொரு விதி, பள்ளிக்கொரு விதி. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பன போன்ற கேள்விகளுக்கு இடத்துக்கிடம் விடை மாறிற்று. அக்கழகத்தின் முதல் செயலாளராகிய எபனேசர் மோர்லி என்னும் வழக்கறிஞர் முன்னின்று உழைக்க, அவ்வாண்டு டிசம்பரில் 13 விதிகள் ஏற்கப்பட்டன. உதைக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு சங்கம் வெளியேறியது. 1870இல் அதே கழகத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற சார்லஸ் அல்காக், மறு ஆண்டே சங்கங்களுக்கிடையே ஒரு கோப்பைப் போட்டியை முன்மொழிந்தார். இன்றளவும் நடைபெறும் எஃப்.ஏ. கோப்பை அதுவே.

இவ்விருவரின் உழைப்பும் போற்றத்தக்கதே. ஆயினும் அவர்கள் தங்களையொத்த கனவான்களுக்கே விதி எழுதினார்கள். அதே ஆட்டம் கப்பலேறி, படைவீரர்களோடும் வணிகர்களோடும் இந்தியாவுக்கு வந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. ஆள்பவன் ஆடும் ஆட்டத்தை ஆளப்படுபவன் ஆடலாமா? அக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு சிறுவன் கல்கத்தாவில் காத்திருந்தான்.

காலருகே வந்த பந்து

நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி 1869ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பிறந்தார். சர்பாதிகாரி என்பது வங்க ஒலிப்பு. நம் வழக்கில் எழுதினால் அது 'சர்வாதிகாரி' என்றாகும். தமிழில் அச்சொல் நம்மைத் திடுக்கிடச் செய்யும். அங்கோ, அனைத்தையும் மேற்பார்க்கும் அலுவலர் என்னும் பொருளில் வழங்கிய பழைய பட்டப்பெயர் அது. தந்தை சூர்ய குமார் பெயர்பெற்ற மருத்துவர். தமையன் தேவ பிரசாத் பிற்காலத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். கல்வியும் செல்வாக்கும் நிறைந்த உயர்குடி.

1877ஆம் ஆண்டு. கங்கையில் நீராடச் செல்லும் தாயோடு எட்டு வயதுச் சிறுவன் வண்டியில் சென்றுகொண்டிருந்தான். வழியில் ஒரு திடலில் வெள்ளைக்காரப் படைவீரர்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தனர். வேடிக்கை பார்க்க இறங்கிய சிறுவனின் அருகே பந்து உருண்டு வந்தது. அவன் அதைக் கையிலெடுத்துப் பார்த்தான். உதைத்து அனுப்புமாறு வீரன் ஒருவன் சொல்ல, அவனும் உதைத்தான். இந்தியன் ஒருவன் கால்பந்தை உதைத்த முதல் நிகழ்ச்சி என்று இதை வங்க மக்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். முதலாவதோ அன்றோ, அந்த உதை அவனுடைய வாழ்க்கையை மாற்றியது என்பதில் ஐயமில்லை.

ஹேர் பள்ளியில் பயின்ற அவன், உடன் பயின்றோரிடம் காசு சேர்த்து, ஆங்கிலேயர் கடைக்குச் சென்று ஒரு பந்து வாங்கி வந்தான். பள்ளித் திடலில் ஆட்டம் தொடங்கிற்று. எதிரே இருந்த மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் இதைக் கண்டு அருகே வந்தார். சிறுவர்கள் வாங்கி வந்தது ரக்பி பந்து! விவரம் சொல்லி, சரியான பந்து கிடைக்கச் செய்து, ஆடும் முறையையும் அந்த ஆங்கிலேயரே கற்றுக்கொடுத்தார். ஆள்பவர் இனத்தைச் சேர்ந்த ஒருவர், தம் இனத்தாரின் ஆட்டத்தைத் தடையின்றிப் பகிர்ந்துகொண்டார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அதன் பிறகு நாகேந்திரர் வெறும் ஆட்டக்காரராக நின்றுவிடவில்லை. பாய்ஸ் கிளப், பிரெண்ட்ஸ் கிளப், ஹவுரா ஸ்போர்ட்டிங், வெலிங்டன் கிளப் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கங்களை உருவாக்குவதிலும் உருவாக உதவுவதிலும் ஈடுபட்டார். சங்கம் என்பது எளிதாக உச்சரிக்கக்கூடிய சொல். அதை நடத்திப் பார்த்தவர்களுக்கே அதன் பாடு தெரியும். சந்தா திரட்ட வேண்டும். கணக்கு எழுத வேண்டும். திடலுக்கு இசைவு பெற வேண்டும். எதிரணியைத் தேடிப் பிடிக்க வேண்டும். தோற்றவர்களின் சினத்தையும் வென்றவர்களின் செருக்கையும் தாங்கிக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் இருபது வயது நிரம்பாத ஓர் இளைஞர் செய்தார்.

குயவரின் மகன்

வெலிங்டன் கிளப்பில்தான் அந்தச் சோதனை வந்தது. மோனி தாஸ் என்னும் இளைஞரை உறுப்பினராகச் சேர்க்க நாகேந்திரர் விரும்பினார். மோனி தாஸ் ஒரு குயவரின் மகன். சங்கத்தில் இருந்தவர்களுள் பலர் உயர்குடியினர். மண் பிசைபவனின் மகனோடு சமமாக நின்று ஆடுவதா என்று அவர்கள் எதிர்த்தனர்.

அன்பார்ந்த வாசகரே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நாகேந்திரருக்கு எத்தனை வழிகள் இருந்தன! "இப்போது வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று காலம் கடத்தியிருக்கலாம். மோனி தாஸுக்கு வேறு சங்கம் ஒன்றைக் காட்டி அனுப்பியிருக்கலாம். உறுப்பினர் ஆக்காமலே அவ்வப்போது ஆட மட்டும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமரசம் கண்டிருக்கலாம். சங்கத்தின் ஒற்றுமையே பெரிது, ஒருவனுக்காகப் பலரை இழப்பதா என்று தமக்குத்தாமே நியாயம் கற்பித்திருக்கலாம். நிர்வாகத்தில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வன இவையே. நானும் செய்திருக்கிறேன், அதைப் பின்னர் சொல்கிறேன்.

நாகேந்திரர் அவ்வழிகளில் எதனையும் தேர்ந்துகொள்ளவில்லை. தம் கையால் வளர்த்த வெலிங்டன் கிளப்பையே கலைத்துவிட்டார். அதன்பின் சோபாபஜார் கிளப் என்னும் புதிய சங்கம் 1880களில் தோன்றியது. அதன் முதல் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர் மோனி தாஸே என்று கால்பந்து வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

சோபாபஜார் அரச குடும்பம் நாகேந்திரரின் மனைவியுடைய குடும்பம். கல்கத்தாவின் உயர்குடிகளுள் முன்வரிசையில் நின்ற குடும்பம் அது. அந்த அரண்மனையின் பெயரைத் தாங்கிய சங்கத்தின் ஏட்டில் முதல் பெயராகக் குயவரின் மகன் பெயர்! செல்வாக்கு உள்ளவர்கள் அச்செல்வாக்கை எதற்குச் செலவிட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமா?

திறந்த கதவும் மூடிய கதவும்

இந்தச் செயலின் முழுப் பொருளும் அதன் பின் நிகழ்ந்தவற்றைப் பார்க்கும்போதே விளங்கும்.

1889இல் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பைப் போட்டி தொடங்கியது. ஐரோப்பிய அணிகளுக்கும் படைப்பிரிவுகளுக்கும் நடுவே சோபாபஜார் அணி துணிந்து இறங்கிற்று. 1892ஆம் ஆண்டு அதே போட்டியில், ஈஸ்ட் சர்ரே என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை 2-1 என்னும் கணக்கில் வென்றது. இந்திய அணி ஒன்று ஆங்கிலேய அணியைத் தோற்கடித்த முதல் வெற்றியாக அது போற்றப்படுகிறது. 1893இல் ஐ.எஃப்.ஏ. எனப்படும் இந்தியக் கால்பந்துச் சங்கம் நிறுவப்பட்டது. அம்முயற்சியில் ஈடுபட்டவர்களுள் நாகேந்திரரும் ஒருவராகக் குறிப்பிடப்படுகிறார். அவ்வாண்டே தொடங்கிய ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியில் கலந்துகொண்ட ஒரே இந்திய அணி சோபாபஜார்தான்.

பெயரில் 'இந்திய' என்று இருந்தாலும், அந்தச் சங்கத்தின் கடிவாளம் நெடுங்காலம் ஐரோப்பியர் கையிலேயே இருந்தது. 1898இல் கல்கத்தா லீக் போட்டி தொடங்கியபோது இந்திய அணிகளுக்கு இடமில்லை. 1914இல்தான், அதுவும் இரண்டாம் பிரிவில்தான், கதவு சற்றே திறந்தது. இத்தனைக்கும் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1911 ஜூலை 29ஆம் நாள், மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றி நாட்டையே அதிரச் செய்திருந்தது. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். காலணி அணிந்து ஆடிய ஒரே ஒருவர் சுதீர் சாட்டர்ஜி. அவர் கிறிஸ்தவர், பின்னாளில் திருப்பணியாளராகவும் ஆனவர்.

வெள்ளையர் இந்தியருக்குக் கதவை மூடியது அநீதி. அதை எதிர்த்து முழங்கியோர் பலர். ஆனால் அவ்வாறு முழங்கியவர்களுள், தங்கள் வீட்டுக் கதவு குயவனுக்கும் வண்ணானுக்கும் மூடியிருப்பதைக் கண்டவர் எத்தனை பேர்? மேலே இருப்பவன் கதவைத் திறக்கவில்லையே என்று முறையிடும் நாம், நமக்குக் கீழே என்று நாம் கருதுபவனுக்கு நம் கதவை எவ்வளவு இறுகத் தாழிடுகிறோம்! நாகேந்திரர் ஆங்கிலேயரின் கதவைத் தட்டுமுன் தம் கதவைத் திறந்துவிட்டார். முதலில் மோனி தாஸ். பிறகே ஈஸ்ட் சர்ரே. இந்த வரிசையில்தான் அவருடைய பெருமை அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

நம் கோயில்களின் சுவர்கள்

வங்கத்துக் கதையை ஏன் இங்கே சொல்கிறீர் என்று கேட்கலாம். நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

உடன்குடிக்குத் தென்மேற்கே, நம் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த வடக்கன்குளத்தை அறியாத கத்தோலிக்கர் உண்டோ? 1745இல் நீலகண்டன் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்ற மண் அது. சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து உண்டு வாழ்ந்ததும் அவர்மீது சுமத்தப்பட்ட பழிகளுள் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் உயிர்நீத்த அவரை, 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

அப்புனிதர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், அடுத்த நூற்றாண்டில் எழுந்த கோயிலுக்குள் சாதிகளைப் பிரிக்கும் சுவர்கள் நின்றன. பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, ஆனால் மக்கள் இரு பிரிவு. 1910ஆம் ஆண்டு அட்ரியன் கௌசானல் அடிகளார் அச்சுவர்களை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், கோயிலுக்குள் தனியிடம் கேட்டவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை.

நாகேந்திரர் வங்கத்தில் ஒரு விளையாட்டுச் சங்கத்தைக் கலைத்தது 1880களில். நாம் நம் கோயிலின் உட்சுவரை இடித்தது 1910இல். கிறிஸ்துவில் உயர்வு தாழ்வு இல்லை என்று ஞாயிறுதோறும் கேட்ட நம்மைவிட, ஒரு பந்தின்மீது கொண்ட காதலால் உந்தப்பட்ட பிற சமயத்து இளைஞர் ஒருவர் முந்திக்கொண்டார்! கொர்னேலியுவின் வீட்டு வாயிலில் தயங்கி நின்ற பேதுருவை எண்ணிக்கொள்கிறேன். கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுவதில்லை என்பதை அத்திருத்தூதர் கற்றுக்கொண்டது தொழுகைக்கூடத்தில் அன்று. பிற இனத்தான் ஒருவனின் வீட்டுப் படியைக் கடந்தபோது.

எழுதாத கை

இப்போது என் கதை. நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட புதிதில், கடலோரப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். பங்கின் பெயர் இங்கே வேண்டாம். திருவிழாவையொட்டிக் கால்பந்துப் போட்டி நடத்துவது அவ்வூர் வழக்கம். போட்டிக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கியிருந்தார்கள். அணிகளின் பெயர்களை ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுவது என் பொறுப்பு.

ஒருநாள் மாலை, ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து பதினொரு இளைஞர்கள் வந்தார்கள். நுழைவுக் கட்டணத்தைச் சில்லறையாகத் திரட்டிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். குழுவினர் என் காதருகே குனிந்து, "நாள் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள், ஃபாதர்" என்றனர். நாள் முடிந்தது உண்மையே. ஆனால் அதற்கு முந்தைய நாள்தான், பக்கத்து ஊர் அணி ஒன்றுக்காக அந்த நாளைத் தள்ளி வைத்து நான் கையொப்பமிட்டிருந்தேன்! திருவிழா நேரத்தில் ஊருக்குள் சண்டை வந்துவிடக் கூடாதே என்று அஞ்சினேன். அமைதிதான் பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "அடுத்த ஆண்டு பார்ப்போம், தம்பிகளா" என்றேன்.

அவர்கள் சண்டை போடவில்லை. கைக்குட்டையை மீண்டும் முடிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் பின்னால் நின்ற, மீசை முளைக்காத ஒருவன் மட்டும் திரும்பி, "நாங்க பந்தாடத்தான கேட்டோம், ஃபாதர்?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் பயின்றவன் நான். திருஅவையின் தன்மைகள் நான்கு என்று மனப்பாடமாக ஒப்புவித்தவன். 'கத்தோலிக்க' என்னும் சொல்லுக்கு 'அனைவருக்கும் உரிய' என்பது பொருள் எனத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன்.

அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. நானும் மாற்றலாகிப் போய்விட்டேன். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவர்களுக்கு இப்போது நாற்பது வயதைக் கடந்திருக்கும். பந்தாடும் வயதில் பிள்ளைகளும் இருக்கலாம். அந்த ஏட்டில் இல்லாத அணியை, இருக்கும் அணிகள் எல்லாவற்றையும்விடத் தெளிவாக நான் நினைவில் வைத்திருக்கிறேன். அதற்குப் பின் நான் பணியாற்றிய பங்குகளில், போட்டி விதிகளை எழுத உட்காரும்போதெல்லாம் முதல் விதியாக ஒன்றை எழுதி வைக்கிறேன்: எத்தெருவிலிருந்து வந்தாலும், அணியின் பெயரை வந்தவுடன் பதிவு செய்ய வேண்டும். இதனால் முணுமுணுப்புகள் எழாமலில்லை. ஒரு முறை குழுவினர் இருவர் விலகியும் போயினர். போட்டி நின்றுவிடவில்லை.

நிர்வாகமும் நற்செய்தியும்

நாகேந்திரர் 1902இல் கால்பந்தாட்ட உலகிலிருந்து ஒதுங்கினார். 1940 ஜனவரி 17ஆம் நாள் காலமானார். சோபாபஜார் கிளப்பைவிட, பின்னால் வந்த மோகன் பகானும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஈஸ்ட் பெங்காலும் பெரும்புகழ் ஈட்டின. 2021இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி 'கோலந்தாஜ்' என்னும் வங்கத் திரைப்படம் வெளிவந்தபோதுதான், அவருடைய நாட்டினருள் பலரே அவரைத் திரும்பிப் பார்த்தனர். நிர்வாகிகளின் விதி அது. கோல் அடிப்பவனைத் தோளில் சுமப்பார்கள். கோல் அடிக்க அவனை உள்ளே அனுமதித்தவரை யாரும் தேடுவதில்லை.

நம் பங்குகளில் எத்தனை ஏடுகள் இருக்கின்றன! பங்குப்பேரவை ஏடு, அன்பிய ஏடு, இளைஞர் இயக்க ஏடு, திருவிழாக் குழு ஏடு, பாடகர் குழு ஏடு, சப்பரம் தூக்குவோர் பட்டியல். அவற்றைப் பராமரிப்பதை எழுத்தர் வேலை என்று எண்ணிவிடுகிறோம். அங்கேதான் நம் விசுவாசம் ஒவ்வொரு நாளும் தேர்வெழுதிக்கொண்டிருக்கிறது என்பதை உணர்வதில்லை. மறையுரையில் நான் சொல்லும் சமத்துவத்தைக் கேட்டு எவரும் என்னை எதிர்த்ததில்லை. ஏட்டில் ஒரு பெயரை எழுதப் பேனாவைத் திறக்கும்போதுதான் எதிர்ப்பு வருகிறது. எனவே, நற்செய்திக்கு விலை கொடுக்கும் இடம் பல வேளைகளில் பிரசங்கத் தொட்டி அன்று, அலுவலக மேசைதான்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு உங்கள் ஊரிலும் பந்தாட்டப் போட்டி நடக்கலாம். நீங்கள் குழுவில் இருந்தால், பெயர் எழுதும் ஏட்டை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பெயர்களைக் கண்டு மகிழுங்கள். பிறகு, எந்தத் தெருவின் பெயர் அதில் இல்லை என்று தேடுங்கள். அத்தெருவுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். நீங்களே நடந்து செல்லுங்கள். மீசை முளைக்காத சிறுவன் ஒருவன் அங்கே நின்றுகொண்டிருப்பான். அவன் பெயரைக் கேட்டு, அவன் கண்ணெதிரிலேயே எழுதுங்கள்.